திருப்புவனம் வரைக்கும்

நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்கக்கா, காத்து வரும். பைய மடியிலயே வச்சுக்கோங்க. கீழ வச்சா போறவுக வர்றவுக மிதிச்சுப்புடுவாக. பட்டுல கால் படக் கூடாது.

உள்ள என்ன இருக்குன்னு நான் சொல்லட்டுமா? மாம்பழக் கலரு. அரக்கு பார்டரு. முந்தியில மயிலு. சரிதானே?

ஐயோ, மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. நான்தான் உங்களுக்கு எடுத்துக் காட்டினேன். மூணாவது மாடி, முகூர்த்தப்பட்டு செக்ஷன், இன்னைக்குக் காலையில. என் தோள்ல போட்டுப் பாத்துத்தானே எடுத்தீங்க? "இந்தம்மா தோள்ல எம்புட்டு எடுப்பா இருக்கு பாரு"ன்னு நாத்தனார்கிட்டச் சொன்னீங்களே. இன்னமும் தெரியலயா? பரவாயில்லக்கா. யாருக்கும் தெரியாது. புடவை பாக்க வந்தவுக புடவையத்தானே பாப்பாக. நேத்து பாத்தவுக இன்னைக்கு மாத்த வந்து, என்கிட்டயே "நேத்து இருந்த அம்மா எங்க"ன்னு கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல? "அவுக லீவுக்கா, நான் பாக்குறேன்"னு சொல்லிருவேன். அதுவும் வேலைதான்.

உங்க ஆளுகள்லாம் எங்க? வேட்டி சட்டை எடுக்க நின்னுட்டாகளா? அப்ப அவுக இருட்டித்தான் வருவாக. கீழ ஒரு சட்டை எடுத்தா ஒரு சட்டை சும்மான்னு போட்டிருக்கு, கூட்டம் அள்ளும். நீங்க மாடு கறக்கணும்னு முன்னாடியே கிளம்பிட்டீங்க. நல்லதுதான். நான் இந்த ரோட்டை வெளிச்சத்துல பாத்து ரொம்ப நாளாச்சு. காலையில கூட்டத்துல நசுங்கி வர்றது, ராத்திரி கடைசி பஸ்ஸு. விரகனூர்ல இம்புட்டுக் கட்டடம் வந்துருச்சா? பாருங்க, தினமும் போறேன், வர்றேன், எனக்கே தெரியல.

இன்னைக்கு மத்தியானமே போகச் சொல்லிட்டாக. ஏன்னு சொல்றேன். திருப்புவனம் வரைக்கும் நேரம் இருக்கு.

நீங்க புடவைய மடியில போட்டுக்கிட்டு, என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா? "உங்க வீட்டுக்காரரு என்னம்மா பண்றாரு"ன்னு. செங்கல் லோடு ஓட்டுறாகன்னு சொன்னேன். சிலைமான் காளவாசல்ல ஏத்தி பரமக்குடி, ராமநாதபுரம்னு போவாக, ரொம்பக் கோவக்காரக, ஆனா நான் நின்னு நின்னு கால் வீங்கி வந்தா சுடுதண்ணியில உப்புப் போட்டு அவுகளே எடுத்து வைப்பாகன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. "குடுத்து வச்சவம்மா நீ, உன் கையாலயே எடுத்துக் குடு"ன்னு சொன்னீங்க. நானும் குங்குமம் தொட்டு வச்சு எடுத்துக் குடுத்தேன்.

அவ்வளவும் நெசம்தான்க்கா. கோவமும் நெசம், சுடுதண்ணியும் நெசம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லல. அவுக போயிச் சேந்து, வர்ற ஆடியோட வருசம் திரும்புது.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? இந்தப் பொட்டப் பாத்தா? பூவப் பாத்தா? இது கடைப் பொட்டுக்கா. காலையில கடைக்குள்ள நுழையும்போது வைக்கிறது. திருப்புவனம் வர்றதுக்கு முன்னாடி எடுத்துருவேன். அங்க ஆத்துலதான் அவுக சாம்பலக் கரைச்சோம். அந்த ஊருக்குள்ள பொட்டோட போக மனசு வராது. கழுத்துல கிடக்கிறதும் தாலி இல்ல. கவரிங் செயினு. அதுல ஊக்கு மாட்டி வச்சிருக்கேன், புடவை குத்திக் காட்ட வசதியா இருக்கும்.

பைய ஏன்க்கா அந்தப் பக்கம் மாத்துறீங்க?

சரி. வச்சுக்கோங்க. நான் ஒண்ணும் நினைக்கல. மருமகளுக்கு எடுத்திருக்கீங்க, மனசு அடிக்கத்தான் செய்யும். நானா இருந்தாலும் அப்படித்தான் மாத்தி வச்சிருப்பேன். ஆனா பட்டுல ஒண்ணும் ஒட்டாதுக்கா. எத்தனை கல்யாணத்துக்கு இந்தத் தோள்ல போட்டுக் காட்டியிருப்பேன். எல்லாரும் புள்ளைகுட்டியோட நல்லாத்தான் இருப்பாக. இருப்பாக. மறுபடி யாரு வந்து சொல்லப் போறாக, ஆனா இருப்பாக.

நானா ஆசைப்பட்டு வச்சேன்னு நினைச்சுறாதீங்க. அவுக போனதும் பெத்த மக, நாகஜோதி, என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. "பொட்ட அழிக்க விடாதம்மா, பூவெடுக்க விடாதம்மா, இப்பல்லாம் யாரும் அப்படிச் செய்யுறதில்ல"ன்னு. நான்தான் கேக்கல. ஊருக்குப் பயந்து இல்லக்கா. அந்த மனுசனுக்காக. அவுக இல்லாம எனக்கு எதுக்குப் பூவுன்னு இருந்துச்சு. என் கையாலயே எடுத்தேன், யாரையும் தொட விடல.

அவுக போனதே ஆடித் தள்ளுபடியப்பதான். கடையில கால் வைக்க இடமில்ல. போனெல்லாம் லாக்கர்ல கிடக்கும், வேலை நேரத்துல தொடக் கூடாது. நெஞ்சு வலின்னு விழுந்ததும் எம் மக ஆபீஸ் போனுக்கு அடிச்சிருக்கா. கனகவேல் சாருன்னு எங்க மாடி சூப்பர்வைசரு, அவருதான் எடுத்திருக்காரு. நேரா என்கிட்டத்தான் வந்தாரு. வந்து பின்னாடியே நின்னாரு. நான் ஒரு பெரிய குடும்பத்துக்குக் காட்டிக்கிட்டிருந்தேன், அஞ்சாறு பட்டு எடுக்கிற கை. அவுக ஒண்ணுல மனசு நின்னு, எடுத்து, பில்லு போடப் போற வரைக்கும் சாரு அப்படியே நின்னாரு. அதுக்கப்புறம்தான் சொன்னாரு. அவர் முகத்த நீங்க பாக்கணும்! ஆட்டோவுக்கும் அவரே ஆள் விட்டாரு. நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

எம் மக அதை இன்னமும் சொல்லிக் காட்டுவா. "அந்தாளு நின்ன நேரத்துல நீ வந்திருந்தா அப்பா முகத்தைப் பாத்திருக்கலாம்"னு. சின்னப் புள்ள. கடை வேலை அவளுக்கு என்ன தெரியும்? கஸ்டமரைப் பாதியில விட்டுட்டு ஓட முடியுமாக்கா? நீங்களே சொல்லுங்க. புடவை என் தோள்ல கிடக்கு.

பதினாறு முடிஞ்ச கையோட கடையில இருந்து கூப்பிட்டாக. ஆவணி முகூர்த்தம் வருது, ஆள் இல்லன்னு. போனேன். வெறும் நெத்தியோட போய் நின்னேன். ரெண்டு பேருக்குக் காட்டிருப்பேன், மூணாவதா வந்தவுக என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "வேற கட்டுக்கழுத்தி யாரும் இல்லையா"ன்னு கேட்டாக. சத்தமா இல்ல. மெதுவாத்தான் கேட்டாக. ஆனா அந்த மாடி பூரா கேட்டுச்சு எனக்கு.

கனகவேல் சாரு என்னத் தனியாக் கூப்பிட்டாரு. திட்டல, அதட்டல. அண்ணன் தம்பி மாதிரி பேசினாரு. "அக்கா, உங்களக் கோடவுனுக்கு அனுப்பச் சொல்றாங்க. எனக்கு மனசில்ல. உங்க தோளுக்கு விக்கிற மாதிரி எவளுக்கும் விக்காது. பொட்டு, பூவு, கழுத்துல ஒண்ணு. கடைக்குள்ள மட்டும். வெளிய போனா உங்க இஷ்டம்"னாரு. பொட்டு பாக்கெட்ட அவரே வாங்கி வச்சிருந்தாரு. அக்கறை இல்லாமயா வாங்குவாரு? அப்புறமா அதைச் சம்பளத்துல புடிச்சாகன்னு வைங்க, அது கணக்கு, அவரு என்ன பண்ணுவாரு.

பொம்பளைக கக்கூஸ்ல கண்ணாடி இருக்கும். அதுல பாத்து வச்சேன். எனக்குப் பொட்டு வச்சு விட்டவுக யாரு யாருன்னு ஞாபகம் வந்துச்சு. கல்யாணத்தன்னைக்கு என் வீட்டுக்காரக வச்சது கோணலாப் போச்சு, போட்டோவுல இன்னமும் கோணலாத்தான் இருக்கு. நான் நேரா வச்சேன். வச்சுட்டு அங்கயே கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். அழுதா கண்ணு வீங்கும், கஸ்டமர் கேப்பாகன்னு தண்ணிய அடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன்.

சிலைமான் வந்துருச்சு. அந்தா தெரியுது பாருங்க காளவாசல். அங்கதான் அவுக வண்டி நிக்கும்.

அன்னைக்கு முதல் கஸ்டமரே கேட்டாக. வயசான அம்மா. "வீட்டுக்காரரு என்ன பண்றாரு தாயி?" அந்தப் பழக்கம்தான் நம்ம ஊர்ல உண்டே, புடவை எடுக்க வந்தா காட்டுறவ குடும்பத்தையும் சேத்து விசாரிக்கிறது. சார் தூண்கிட்ட நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. "லோடு ஓட்டுறாக"ன்னு வந்துருச்சு வாயில. ஓட்டினாகன்னு வரல. ஓட்டுறாக. அந்தம்மா, "நல்லா இருக்கட்டும்"னாக.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. பாவம்னு தோணுச்சு. ஆனா மறுநாளும் கேட்டாக. அதுக்கு மறுநாளும். கேக்கக் கேக்க... எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. நான் ஒவ்வொண்ணாச் சேத்துச் சொல்ல ஆரம்பிச்சேன். இன்னைக்குக் காலையில காப்பியில சீனி பத்தலன்னு சண்டை போட்டாக. நேத்து லோடு இறக்கிட்டு வரும்போது ஒரு முழம் மல்லிகை வாங்கிட்டு வந்தாக, இந்தா இந்தப் பூவுதான். ஆளு பாக்கக் கறுப்பு, ஆனா வெள்ளைச் சட்டைதான் போடுவாக. புடவை எடுக்க வந்தவுக கேட்டுட்டுச் சிரிப்பாக, புடவையும் எடுத்துக்கிட்டுப் போவாக. வீட்டுக்குப் போனா போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கு எரியுது. கடைக்கு வந்தா அவுக இருக்காக. காலையில எந்திரிச்சதும் எப்படா கடைக்குப் போவோம்னு இருக்கும். கால் வலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. ஒரு நாள் லீவு எடுத்ததில்ல நான். கனகவேல் சாரு மத்த புள்ளைககிட்ட, "பஞ்சவர்ணம் அக்காவப் பாத்துக் கத்துக்கோங்க"ன்னு சொல்லுவாரு.

இதுல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க. தப்பு நடந்தது தை மாசத்துல. அதுவும் என் தப்பு இல்ல. விளம்பரப் பலகையோட தப்பு.

நாகஜோதிக்கு மானாமதுரையில இடம் அமைஞ்சிருந்துச்சு. தகப்பன் இல்லாத புள்ளைன்னு தெரிஞ்சே கேட்டு வந்தாக. நல்ல மனுசருக. மாப்பிள்ளை வீட்டுல எம் மகளையும் கூட்டிட்டுப் போயி முகூர்த்தப்பட்டு காரைக்குடியில எடுக்கிறதாத்தான் பேச்சு. நானும் நிம்மதியா இருந்தேன். வழியில எங்க கடைப் பலகை இருக்கு பாருங்க, பட்டுக்குப் பாதி விலைன்னு, ஆள் உசரத்துக்கு எழுதி? அதைப் பாத்ததும் சம்பந்தியம்மா மனசு மாறிட்டாக. வண்டிய மதுரைக்குத் திருப்பச் சொல்லிட்டாக. எம் மகளுக்கும் நான் மூணாவது மாடியில நிக்கிறது தெரியும், எப்படி நிக்கிறேன்னு தெரியாது. அம்மாவுக்குச் சந்தோசமா இருக்கும்னு அவளே கூட்டிட்டு வந்துட்டா.

என் தோள்ல அப்ப ஒரு பச்சைப்பட்டு. எதிர்ல ஒரு குடும்பம், பொண்ணு, பொண்ணோட அத்தை, பாட்டி எல்லாரும் உக்காந்திருக்காக. எடுத்து வச்சதே நாலு பட்டு இருக்கும். "சம்பந்தி?"ன்னு ஒரு குரல். நிமிந்து பாத்தேன். சம்பந்தியம்மா நிக்கிறாக, பின்னாடி எம் மக. அவ என் நெத்தியப் பாத்தா. பூவப் பாத்தா. கழுத்தப் பாத்தா.

சம்பந்தியம்மா சத்தம் போட்டுட்டாக. "புருசன் செத்து ஒரு வருசம் ஆகல, என்ன கோலம் இது? யாருக்காக வச்சுக்கிட்டுத் திரியுறீக?"ன்னு. எதிர்ல இருந்த குடும்பம் கையில இருந்த பட்டக் கீழ வச்சிருச்சு. சுட்டது மாதிரி வச்சாக. அக்கம்பக்கத்துல இருந்தவுகல்லாம் எந்திரிச்சு நிக்கிறாக.

கனகவேல் சாரு ஓடி வந்தாரு. சிரிச்ச முகமாத்தான் வந்தாரு. "மேடம், நீங்க வேற யாரையோ நினைச்சுப் பேசுறீங்க. இவங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காரு. அக்கா, சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காருல்ல?"

எல்லாரும் என்னையே பாக்குறாக. எம் மகளும் பாக்குறா.

"நல்லா இருக்காக"ன்னு சொன்னேன்.

அதோட விட்டிருக்கலாம். வாய் நிக்கல. "லோடு ஏத்திக்கிட்டு ராமநாதபுரம் போயிருக்காக. பொழுது சாய வந்துருவாக"ன்னு சொன்னேன். பயந்துக்கிட்டுச் சொன்னேனா, பழக்கத்துல சொன்னேனான்னு கேட்டா எனக்கே தெரியலக்கா. சொல்லும்போது நம்புனேன். அது மட்டும் தெரியும்.

சம்பந்தியம்மா விறுவிறுன்னு படியிறங்கிப் போயிட்டாக. அன்னைக்கே ஆள் விட்டு வேணாம்னு சொல்லிட்டாக. பொய் சொல்லுற வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு. அதுலயும் குத்தம் சொல்ல முடியாது. எதிர்ல இருந்த குடும்பம் திரும்ப உக்காந்து நாலு பட்டையும் எடுத்துருச்சு. சாரு என் தோளத் தட்டிக் குடுத்தாரு.

எம் மக வீட்டுல வச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அப்பா செத்தன்னைக்கு நான் கால்ல விழாத குறையாச் சொன்னேன், பொட்ட அழிக்காதன்னு. எனக்காக வைக்கல. கடைக்காரன் சொன்னதும் வச்சுக்கிட்டியா?" அவ்வளவுதான். அதுக்கப்புறம் சோறு போடுறா, துணி துவைக்கிறா, பேச்சு மட்டும் இல்ல. அவளுக்கு எங்க புரியப் போகுது. நான் அவுகளைத்தானே உசுரோட வச்சிருந்தேன். கடை எனக்கு அதைச் செஞ்சு குடுத்துச்சு. வேற எந்தக் கடையா இருந்தாலும் அன்னைக்கே வெளிய தள்ளியிருப்பாக. இவுக வைகாசி முகூர்த்தம் முடியுற வரைக்கும் வச்சிருந்தாக பாருங்க.

ஆமா, முடிஞ்சிருச்சு. இன்னைக்கு நீங்க பில்லு போடப் போனதும் கனகவேல் சாரு வந்தாரு. அதே மெதுவான பேச்சு. "அக்கா, ஆடிக்குப் புதுப் புள்ளைக எடுத்தாச்சு. அந்தத் தை மாசப் பேச்சு மேல வரைக்கும் போயிருச்சு. நாளையிலேருந்து நீங்க கோடவுன். தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுற வேலை. கஸ்டமர் யாரும் வர மாட்டாங்க. இனிமே பொட்டு, பூவு எதுவும் வேணாம், நிம்மதியா இருக்கலாம்"னாரு. என் நல்லதுக்குத்தான் சொல்றாரு. இத்தனை நாளா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்னு நினைச்சிருக்காரு பாவம்.

கும்பிட்டுட்டு வந்தேன். படியிறங்கும்போதுதான் உறைச்சுச்சு. கோடவுன்ல பெட்டிகதான் இருக்கும். பெட்டி கேக்குமா, வீட்டுக்காரரு என்ன பண்றாருன்னு? ஊர்ல யாரும் கேக்க மாட்டாக, எல்லாருக்கும் தெரியும். எம் மக பேசவே மாட்டா. இனிமே அவுகள எங்கக்கா வச்சுக்கிறது நானு? அவுக செத்தப்பக்கூட எனக்கு இப்படி இல்லக்கா. அப்ப கூட்டம் இருந்துச்சு, காரியம் இருந்துச்சு. இன்னைக்குத்தான் அவுக போன மாதிரி இருக்கு.

அழல. இல்ல, அழல. காத்துல தூசி.

கீழடி விலக்கு தாண்டிருச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான் திருப்புவனம். அக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நினைக்கக் கூடாது. நீங்க இப்ப மனசு ஒப்பாம இருக்கீங்க, தெரியுது. பைய அந்தப் பக்கமே வச்சுக்கோங்க. என்னத் தொட வேணாம். கடையில கேட்டீங்கள்ல, அதை மட்டும் இன்னொரு தடவ கேளுங்களேன். ஊர் வர்றதுக்குள்ள. பொட்டு இன்னும் நெத்தியிலதானே இருக்கு.

கேளுங்கக்கா.

...

லோடு ஓட்டுறாகக்கா. செங்கல் லோடு. காலையில சிலைமான்ல ஏத்திட்டுப் போனாக. நல்லா இருக்காக. நான் வெளிச்சத்துலயே வீட்டுக்கு வர்றதப் பாத்தா, என்னடி இன்னைக்குக் கடைய இழுத்துச் சாத்திட்டாகளான்னு கேலி பண்ணுவாக. கால் வீங்கியிருக்குன்னு சொன்னா திட்டிக்கிட்டேதான் தண்ணி சுட வைப்பாக. அப்படித்தான், கோவமா இருக்கிற மாதிரி இருப்பாக. நல்லா இருக்காகக்கா.

புண்ணியமாப் போகும் உங்களுக்கு. ஆனியில கல்யாணம், நல்லபடியா நடக்கும். புடவைய மடிப்பு மாத்தி மாத்தி வைக்கச் சொல்லுங்க மருமகளை, ஒரே மடிப்புல வச்சா ஜரிகை ஒடிஞ்சுரும்.

திருப்புவனம் வந்துருச்சு. இருங்க, இதை எடுத்துர்றேன். பூவ வெளிய போட்டுறலாம். பொட்ட தூரப் போடுறதில்லக்கா, தினமும் கடை அட்டை கழுத்துல தொங்கும்ல, பேரு போட்டோவெல்லாம் போட்டு, அதுக்குப் பின்னாடி ஒட்டி வச்சுட்டு மறுநாள் அதையே எடுத்து வச்சுக்குவேன்.

அட்டை...

இன்னைக்கு அட்டையத் திருப்பி வாங்கிக்கிட்டாகளே. மாடி மாறினா வேற அட்டையாம், நாளைக்குத்தான் தருவாகளாம்.

இதை இப்ப எங்கக்கா ஒட்டுறது?